சரியான எடை

இருநூற்றுப் பன்னிரண்டு கூரைத்தகடுகள்
புயல் அடித்த மறுமாதம் கப்பலில் வந்தன
சீலோயேவில் எங்கள் கரைக்கு.
எண்ணி இறக்கியவர்களில் என் தம்பியும் ஒருவன்.
நூற்று எழுபத்தொன்று வீடுகளில் ஏறின.
மிச்சம் நாற்பத்தொன்றும்
மேயர் ரொசாமெல் பாரியாவின்
அக்கா மாட்டுக்கொட்டகைமேல்
சொகுசாக நனைந்துகொண்டிருந்ததை
ஒரு கோழிதான் காட்டிக்கொடுத்தது.
அதைத் துரத்திக்கொண்டு உள்ளே போன பையன்
அண்ணாந்து பார்த்து
எழுத்துக்கூட்டிப் படித்தான்:
அ-வ-ச-ர நி-வா-ர-ண-ம்.

என் வீட்டுக்கு ஒதுக்கியவை ஒன்பது.
இரண்டு குளிர்காலம்
படுக்கைக்கு வடக்கே வாளி, தெற்கே பானை.
என் மகள் இனெஸ் அந்தச் சொட்டுகளுக்கு
ஒரு தாளம் கண்டுபிடித்திருந்தாள்.
நான் கண்டுபிடித்தவை வசவுகள்,
சொட்டுக்கு ஒன்று.

ஞாயிறு பூசை முடிந்ததும்
மரத்தேவாலயத்தின் வாசலில் நின்று
வக்கீல் எழுதிய தாளை அவர் படித்தார்.
'தவறுகள் நேர்ந்துவிட்டன.'
மழை நேரும். நிலநடுக்கம் நேரும்.
தகடு தானாக நடந்துபோய்க்
கொட்டகைமேல் ஏறிப் படுக்குமா?
வினை இருந்தது, செய்தவனைக் காணோம்.
தலையறுந்த கோழிபோல
அந்த வாக்கியம்
வாசலில் இரண்டு சுற்றுச் சுற்றி விழுந்தது.

யாரோ முட்டை வீசினார்கள்.
என் கையிலும் ஒன்று இருந்தது.
முட்டை விற்கிற விலை நினைவுக்கு வந்து
பைக்குள்ளேயே போட்டுக்கொண்டேன்.
இதைப் பெருந்தன்மை என்று
யாரும் எழுதவேண்டாம்.

செவ்வாய்க்கிழமை, சந்தை.
குடையில்லாமல் வந்தார்.
பூண்டுக்காரி பெர்சிலா முதுகைக் காட்டினாள்.
'இன்றைக்கு மீன் இல்லை' என்றான் ஔரேலியோ,
முன்னால் நாற்பது மீன்
வாய் பிளந்து கிடக்க.
என் கடைதான் கடைசி.

இரண்டு கிலோ உருளைக்கிழங்கு என்றார்.
ஊதாவா, மஞ்சளா என்றேன்.
ஊதா.

எனக்கும் என் தராசுக்கும்
பழைய ரகசியம் ஒன்று உண்டு.
சுற்றுலாக்காரர்கள் வரும் ஜனவரியில்
என் கட்டைவிரல் களைத்துப்போய்த்
தட்டின் ஓரத்தில் சாய்ந்துகொள்ளும்.
'எடை கூடிவிட்டது' என்பேன்.
கூட்டினேன் என்று
ஒரு நாளும் சொன்னதில்லை.

அன்று விரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்தேன்.
முள் நடுங்கியது.
ஒரு கிழங்கு குறைந்தது, வைத்தேன்.
கொஞ்சம் கூடியது,
பெரியதை எடுத்துச் சிறியதை வைத்தேன்.
எல்லோருக்கும் போடுகிற கொசுறைப் போடவில்லை.
அழுகல் ஒன்றைத் தள்ளிவிடவும் இல்லை.
கை அரித்தது, பொய் சொல்வானேன்.

'உங்களுக்கு ஒன்பது, இல்லையா?' என்றார்.
'ஒன்பது.'
'நான்தான் எடுத்தேன்.'
தாள் இல்லை, ஒலிபெருக்கி இல்லை.
கேட்டது நானும் கிழங்குகளும்.

பதிலுக்கு என்ன சொல்வதென்று
எனக்கு எந்த வக்கீலும் எழுதித் தரவில்லை.
'ஊதா சீக்கிரம் குழைந்துவிடும்,
அடுப்புப் பக்கத்திலேயே நில்லுங்கள்' என்றேன்.

மீதியை வைத்துக்கொள் என்றார்.
கடைசிப் பத்து பெசோ வரை
எண்ணி அவர் கையில் வைத்தேன்.
ஈரமாக இருந்தது கை,
என் கையைப் போலவே.

வியாழக்கிழமை நீதிபதி முன்னால்
தம்பி எண்ணியதை எண்ணியபடியே சொல்வேன்:
இருநூற்றுப் பன்னிரண்டு. நூற்று எழுபத்தொன்று.
என் வாக்கு இனி அவருக்குக் கிடையாது.
தெருவில் கண்டால் மட்டும்
முகத்தைத் திருப்ப மாட்டேன்.
ரொசாமெல் என்று கூப்பிடுவேன்,
மேயர் ஆகுமுன் கூப்பிட்டதுபோல.

இன்றிரவும் மழை.
வாளியைக் கொட்டப் போனபோது
வழக்கமான வசவு
நாக்கு நுனிக்கு வந்தது.
பாதி சொல்லி நின்றுவிட்டேன்.
இருட்டில் இனெஸ் புரண்டு படுத்தாள்:
'அம்மா, தாளம் தப்புது.'